காவலுக்கும் ஒரு காவல்

மனிதன் தன்னையும் தன் உடைமையையும் காத்துக்கொள்ளக் கண்ட வழிகள் பலவாகும். நாட்டைக் காக்கக் கோட்டையும் அகழியும் எழுந்தன. பயிரைக் காக்க வேலி எழுந்தது. பொருளைக் காக்கப் பூட்டு பிறந்தது. இவை யாவற்றுக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. இவை அசையாது நின்று காப்பவை. கோட்டை தானாகப் பெயர்ந்து குடிகளின் மேல் விழுவதில்லை. பூட்டு தானாகப் பாய்ந்து வீட்டாரைத் தாக்குவதில்லை. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மனிதன் வேறொரு வகைக் காவலைப் படைத்தான். ஆபத்து நேரும் கணத்தைத் தானே உணர்ந்து, மனிதனின் ஏவலுக்குக் காத்திராமல், தானே பாய்ந்து வந்து காக்கும் காவல் அது. அதன் வரலாறு பெருமைக்குரியது. அதே வேளையில் அது நமக்கு ஓர் எச்சரிக்கையும் ஆகும்.

கோலாலம்பூரின் நடுப்பகுதியில் உள்ள மஸ்ஜித் இந்தியா, மலேசியத் தமிழர் வாழ்வோடு நெடுங்காலமாகப் பிணைந்த இடம். 1863ஆம் ஆண்டில் இந்திய முஸ்லிம்கள் அமைத்த பள்ளிவாசலின் பெயரே அச்சாலைக்கும் பெயராக நிலைத்தது. சேலைக் கடைகளும் நகைக் கடைகளும் உணவகங்களும் நிறைந்த அச்சாலைக்கு, நோன்புப் பெருநாளும் தீபாவளியும் நெருங்கும் காலங்களில் கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் முதலிய பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் வருவர். தந்தை காரை ஓட்ட, தாய் அருகிருக்க, பிள்ளைகளும் பாட்டியும் பின்னிருக்கையில் நெருங்கியிருக்க வரும் காட்சி நாம் நாள்தோறும் காண்பதே. அந்தத் தந்தையின் தலைக்குப் பின்னே ஒரு தலைதாங்கி இருக்கிறது. அவர் கைபிடித்திருக்கும் சுழல்வட்டின் நடுவே ஒரு காற்றுப்பை மடிந்து கிடக்கிறது. அவற்றைப் பற்றி அவர் எண்ணுவதே இல்லை. எண்ண வேண்டிய தேவை இல்லை என்று நம்புவதுதான் காவலின் பயன் போலும்.

நம்பி மிதித்த இடமே இடம் கொடாமற் போவதும் உண்டு என்பதை அதே சாலை நமக்கு உணர்த்தியுள்ளது. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள், அங்கே நடைபாதை திடீரென உள்வாங்கியதில், இந்தியாவிலிருந்து வந்திருந்த பெண்மணி ஒருவர் பூமிக்குள் விழுந்து மறைந்தார். பலர் நாள்தோறும் நடந்த பாதை அது. மேலே கல் பதித்த தரை உறுதியாகத் தோன்றியது. கீழே நடந்துகொண்டிருந்த அரிப்பை எவரும் கண்டிலர். நிலத்துக்கு நேர்ந்த இக்கதி கருவிகளுக்கும் நேர்வதுண்டு. வெளித்தோற்றம் மாறாதிருக்க, உள்ளே காலமும் வெப்பமும் தம் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். காரில் அமைந்த காவற்கருவிகளின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

நின்று காத்த கருவிகள்

ஐம்பது, அறுபதுகளில் மலாயாச் சாலைகளில் ஓடிய மோரிஸ் மைனர் போன்ற கார்களைக் கண்டவர்கள் அவற்றின் இருக்கைகளை நினைவுகூரக் கூடும். முதுகின் நடுப்பகுதி வரையே உயர்ந்த தாழ்வான இருக்கைகள் அவை. தலைக்குப் பின்னே ஒன்றுமில்லை. மார்பைக் கட்டும் வாரும் இல்லை. விபத்து நேர்ந்தால் ஓட்டுநர் சுழல்வட்டின் மீது மோதுவதும், அருகிருப்பவர் முன்கண்ணாடியில் மோதுவதும் விதியின் செயல் எனக் கொள்ளப்பட்டன.

இந்நிலையை மாற்றிய பெருமை சுவீடன் நாட்டுப் பொறியாளர் நில்ஸ் போலினுக்கு உரியது. வோல்வோ நிறுவனத்தில் பணியாற்றிய அவர், 1959ஆம் ஆண்டில் தோளிலிருந்து இடுப்புக்கும் இடுப்பின் குறுக்கேயும் செல்லும் மும்முனை இருக்கை வாரை உருவாக்கினார். அதன் காப்புரிமையைத் தனக்கே உரியதாக வைத்துக்கொள்ளாமல், பிற நிறுவனங்களும் பயன்படுத்த வோல்வோ இசைந்தது. மலேசியாவில் 1979ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து முன்னிருக்கையில் அமர்வோர் வார் அணிவது கட்டாயமாக்கப்பட்டது. பின்னிருக்கையில் அமர்வோருக்கு அக்கட்டாயம் வருவதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. 2009ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் அது நடப்புக்கு வந்தது.

தலைதாங்கியின் கதை இன்னும் பழைமையானது. அமெரிக்காவின் ஓக்லண்டு நகரைச் சேர்ந்த பெஞ்சமின் காட்ஸ் என்பார் 1921ஆம் ஆண்டிலேயே காருக்கான தலைதாங்கி ஒன்றுக்குக் காப்புரிமை கோரினார். ஆயினும் அதன் உண்மைப் பயனை உலகம் உணர நெடுநாள் ஆயிற்று. தலை சாய்த்து ஓய்வெடுக்க அமைந்த மெத்தை என்றே பலர் இன்றும் அதனைக் கருதுகின்றனர். உண்மை அதுவன்று. நிற்கும் காரைப் பின்னாலிருந்து மற்றொரு கார் மோதினால் நிகழ்வது யாது? இருக்கை உடலை முன்னே தள்ளுகிறது. தலையோ இருந்த இடத்திலேயே இருக்க முயல்கிறது. நியூட்டனின் முதல் விதியைப் படித்த மாணவர் எவரும் இதனை எளிதில் உணர்வர். உடல் முன்னே செல்ல, தலை பின்தங்க, இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட கழுத்து சாட்டை சுழன்றாற்போல் வளைந்து முறுக்குண்கிறது. எலும்பு முறியாவிடினும் தசையும் நரம்பும் நலிந்து, வலி மாதக்கணக்கில் நீடிக்கலாம். இந்த வளைவைத் தடுக்கும் சுவரே தலைதாங்கி. அமெரிக்க அரசு 1969ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து புதிய கார்களின் முன்னிருக்கைகளில் அதனைக் கட்டாயமாக்கியது.

இருக்கை வாரும் பழைய தலைதாங்கியும் கோட்டையையும் வேலியையும் போன்றவை. அவை பாய்வதில்லை, வெடிப்பதில்லை. பழுதுற்றால் காக்கத் தவறுமேயன்றித் தாமே தாக்குவதில்லை. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

பாயும் தலைதாங்கி

நிலையான தலைதாங்கியில் ஒரு குறை உண்டு. தலைக்கும் அதற்கும் இடையே உள்ள இடைவெளி மிகுந்தால் அதன் பயன் குறையும். தலை அவ்விடைவெளியைக் கடந்து சென்று மோதுவதற்குள் கழுத்து வளைந்துவிடும். ஓட்டுநர் பலர் முன்னே குனிந்து அமர்வதும், தலைதாங்கியைக் கழுத்தளவில் தாழ்த்தி வைப்பதும் இக்குறையைப் பெரிதாக்கின. அமெரிக்காவின் திருத்தப்பட்ட விதி, முன்னிருக்கைத் தலைதாங்கியின் உயரம் 800 மில்லிமீட்டருக்குக் குறையாமலும், தலைக்கும் அதற்கும் உள்ள இடைவெளி 55 மில்லிமீட்டருக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என வரையறுத்தது. இரண்டு அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான இடைவெளியில் ஒரு மனிதனின் கழுத்து நலம் அடங்கியிருக்கிறது எனலாம்.

இடைவெளியைக் குறைக்கப் பொறியாளர்கள் வேறொரு வழியும் கண்டனர். தலை தலைதாங்கியைத் தேடிச் செல்வதற்கு மாறாக, தலைதாங்கியே தலையைத் தேடி வந்தால் என்ன? 1997ஆம் ஆண்டில் சாப் நிறுவனம் தன் காரில் இத்தகைய தலைதாங்கியை அறிமுகப்படுத்தியது. பின்மோதலில் ஓட்டுநரின் முதுகு இருக்கையில் அழுந்த, அவ்வழுத்தமே ஒரு நெம்புகோலை இயக்கித் தலைதாங்கியை மேலும் முன்னுமாக நகர்த்தும். இதற்கு மின்சாரம் வேண்டா, வெடிமருந்தும் வேண்டா. மனிதனின் எடையே அவனைக் காத்தது. மறு ஆண்டில் வோல்வோ, பின்மோதலில் இருக்கையின் முதுகுப்பகுதியே விலகிக் கொடுக்கும் அமைப்பைக் கொணர்ந்தது.

அதன்பின் வந்த சில அமைப்புகள் வேறு பாதையில் சென்றன. அவற்றில் தலைதாங்கியின் முற்பகுதி, இறுக்கிய சுருள்வில்லின் மேல் பொருத்தப்பட்டிருக்கும். ஒரு கொக்கி அதனைப் பிடித்து நிறுத்தியிருக்கும். மோதலை உணரும் மின்னணுக் கருவி கட்டளையிட்டதும் கொக்கி விடுபட, தலைதாங்கி கண்ணிமைக்கும் நேரத்திற்குள் முன்னே பாயும். வேகத்தில் இது சிறந்தது. ஆயினும் ஒரு விலை கொடுத்தே இவ்வேகத்தைப் பெற வேண்டியிருந்தது. கார் ஓடினும் நிற்பினும், இரவாயினும் பகலாயினும், அந்தச் சுருள்வில் இறுகியே இருக்கும். அக்கொக்கி ஓயாது அதன் விசையைத் தாங்கியே நிற்கும்.

நாண் ஏற்றிய வில்லை ஆண்டுக்கணக்கில் நாண் ஏற்றியவாறே வைத்திருப்பவன், என்றோ ஒரு நாள் அது அறுபடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2010க்குப் பிந்திய ஆண்டுகளில் அமெரிக்காவில் கிறைஸ்லர், டாட்ஜ், ஜீப் கார்களின் உரிமையாளர்கள் சிலரிடமிருந்து விந்தையான முறையீடுகள் எழுந்தன. மோதல் எதுவும் இல்லை. கார் சீராக ஓடிக்கொண்டிருந்தது, அல்லது நின்றுகொண்டிருந்தது. திடீரென்று தலைதாங்கி பாய்ந்து தலையின் பின்புறத்தைத் தாக்கியது என்பதே அம்முறையீடுகளின் சாரம். விசையைத் தாங்கிய பிளாஸ்டிக் பாகம் நாளடைவில் விரிசல் கண்டதே காரணம் என்று கூறி வழக்குகளும் தொடுக்கப்பட்டன. கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில், முன்னும் பின்னும் பக்கத்திலும் வண்டிகள் நெருங்கி ஓட, ஓட்டுநரின் பின்தலையில் இத்தகைய அடி விழுமாயின் விளைவு யாதாகும் என்பதை விளக்க வேண்டுவதில்லை. அடி சிறிதாயினும் அதிர்ச்சி பெரிது. அந்த ஒரு நொடி தடுமாற்றத்தில் காக்க வந்த கருவியே விபத்துக்கு வித்திட்டுவிடும்.

மோதலின்றிப் பாயும் இக்குறை தலைதாங்கிக்கு மட்டும் உரியதன்று. 2013ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டொயோட்டா நிறுவனம், மின்சுற்றுக் கோளாற்றினால் காற்றுப்பை தானாக விரியக்கூடும் என்று கூறி, அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 750,000 கார்களைத் திருப்பியழைத்தது. தலைதாங்கியின் வில்லில் அடங்கியிருக்கும் விசையைக் காட்டிலும் பன்மடங்கு விசை காற்றுப்பையில் அடங்கியிருக்கிறது. ஆதலின் அதன் வரலாற்றையும் நாம் அறிதல் வேண்டும்.

பெற்றோர் நீட்டிய கைகள்

காற்றுப்பையின் பிறப்பு உள்ளத்தைத் தொடுவது. 1952ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஜான் ஹெட்ரிக் என்பார் தம் மனைவியோடும் சிறு மகளோடும் காரில் சென்றுகொண்டிருந்தார். சாலையில் இருந்த தடையைக் கண்டு அவர் வண்டியைத் திடீரெனத் திருப்பி நிறுத்த நேர்ந்தது. அக்கணத்தில் கணவர், மனைவி இருவர் கைகளும் தாமாகவே நீண்டு, நடுவிலிருந்த குழந்தை முன்னே மோதாமல் தடுத்தன. அன்றிரவு அவர் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. பெற்றோர் கையைப் போல, வேண்டிய கணத்தில் தானே நீண்டு வந்து தாங்கும் பொருள் ஒன்றைக் காரில் அமைக்க இயலாதா? போர்க்காலத்தில் கடற்படையில் பணியாற்றியபோது, அழுத்திய காற்றின் விசையால் ஒரு துணியுறை திடீரென மேலெழும்பியதைக் கண்ட அனுபவம் அவருக்குக் கைகொடுத்தது. 1953ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அதே காலத்தில் செருமனியில் வால்ட்டர் லிண்டரர் என்பாரும் இதனையொத்த கருத்துக்கு உரிமை பெற்றார்.

கருத்து பிறந்து கருவி கைக்கு வர இருபது ஆண்டுகள் ஆயின. 1970களில்தான் அமெரிக்காவில் பொதுமக்கள் வாங்கும் கார்களில் காற்றுப்பை வந்தது. மோதலை உணர்ந்து, வாயுவை உண்டாக்கி, பையை விரித்து முடிக்க ஏறத்தாழ 30 மில்லி நொடிகளே உண்டு. சாதாரணக் காற்றடைப்பு இதற்கு ஈடு கொடாது. ஆகவே விரைந்து எரிந்து பெருமளவு வாயுவை உண்டாக்கும் வேதிப்பொருளை உலோகக் குப்பிக்குள் அடைத்து வைத்தனர். சுருங்கக் கூறின், ஓட்டுநரின் மார்புக்கு நேரே ஒரு சிறு வெடியை வைத்து, அதன் சீற்றத்தைத் துணிப்பையால் அடக்கினர்.

இதனால் விளைந்த நன்மை சிறிதன்று. அமெரிக்காவில் மட்டும் 2017ஆம் ஆண்டு வரை முன்புறக் காற்றுப்பைகள் 50,000க்கு மேற்பட்ட உயிர்களைக் காத்ததாக அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் கணக்கிட்டுள்ளது. தீமையும் இல்லாமல் இல்லை. 1990க்கும் 2008க்கும் இடையே, குறைந்த வேக விபத்துகளில் காற்றுப்பை விரிந்த விசையினாலேயே 290க்கு மேற்பட்டோர் அங்கே உயிரிழந்தனர். அவர்களுள் முன்னிருக்கையில் அமர்ந்த குழந்தைகளும் பலர். குழந்தையைக் காக்க நீண்ட கையின் நினைவில் பிறந்த கருவியே குழந்தையின் உயிரைப் பறித்தது வரலாற்றின் கொடுமை. பின்னர் விசை தணிக்கப்பட்டது. குழந்தைகளைப் பின்னிருக்கையில் அமர்த்தும் வழக்கம் வலியுறுத்தப்பட்டது. குறையைக் கண்டு மறைக்காமல் திருத்தியதனால் காவல் மேம்பட்டது. இதற்கு நேர்மாறானது அடுத்து வரும் வரலாறு.

நெசவில் தொடங்கிய நிறுவனம்

1933ஆம் ஆண்டில் ஜப்பானின் ஷிகா மாநிலத்தில் தக்காத்தா என்னும் நிறுவனம் நெசவுத் தொழிலில் தொடங்கியது. துணியும் கயிறும் நெய்தவர்கள் வான்குடைக் கயிற்றை நெய்தனர். பின்னர் இருக்கை வார்களைச் செய்தனர். அதன்பின் காற்றுப்பைகளுக்கு வந்தனர். உயிரைத் தாங்கும் இழையை நெய்தவர்கள் என்ற நற்பெயர் அவர்களுக்கு உலகெங்கும் இருந்தது.

இரண்டாயிரமாம் ஆண்டையொட்டி அந்நிறுவனம், காற்றுப்பையை விரிக்கும் குப்பியில் அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தத் தொடங்கியது. உரமாகவும் சுரங்க வெடியாகவும் பயன்படும் இப்பொருள் மலிவானது; குறைந்த அளவில் மிகுந்த வாயுவைத் தருவது. ஆனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்பும், வெப்பம் ஏறி இறங்கும்போது நிலை மாறும் இயல்பும் உடையது. ஈரத்தை உறிஞ்சும் பொருள் சேர்க்கப்படாத குப்பிகளில், வெப்பமும் ஈரமும் பல ஆண்டுகள் மாறி மாறித் தாக்க, மருந்துக் கட்டிகள் தம் இறுக்கம் குலைந்தன. குலைந்த மருந்து, அளவுக்கு மீறிய வேகத்தில் எரியும். அப்போது எழும் அழுத்தத்தைத் தாங்கமாட்டாமல் உலோகக் குப்பியே வெடித்துச் சிதறும். துணிப்பையைக் கிழித்துக்கொண்டு இரும்புத் துண்டுகள் ஓட்டுநரின் முகத்திலும் கழுத்திலும் பாயும்.

2004ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஒரு குப்பி இவ்வாறு வெடித்தது. 2009ஆம் ஆண்டில் அங்கே ஓர் இளம்பெண் உயிரிழந்தார். ஆயினும் முழு உண்மை வெளிவரப் பல ஆண்டுகள் சென்றன. குப்பிகளின் சோதனை முடிவுகளைத் திரித்துக் கார் நிறுவனங்களுக்குக் கொடுத்ததை 2017ஆம் ஆண்டில் தக்காத்தா அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. 100 கோடி டாலர் செலுத்த இசைந்தது. அவ்வாண்டு சூன் மாதத்தில் நொடித்தும் போயிற்று. அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 6 கோடியே 70 இலட்சம் குப்பிகள் திருப்பியழைக்கப்பட்டன. கார் வரலாற்றில் இதற்கு முன் காணாத பேரழைப்பு இது. இயற்கை செய்த குறை ஒரு பங்கு எனின், அதனை மறைத்த மனிதர் செய்த குறை பன்மடங்கு என்பது வெள்ளிடைமலை.

மலேசிய மண்ணில்

வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளிலேயே இக்குறை விரைந்து முற்றும் என ஆய்வுகள் காட்டின. அமெரிக்காவிலும் புளோரிடா, ஹவாய் முதலிய பகுதிகளுக்கே திருப்பியழைப்பில் முதலிடம் தரப்பட்டது. நம் நாடோ ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி வரும் நாடு. நண்பகலில் மஸ்ஜித் இந்தியாவின் அருகே வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் 50 பாகை வெப்பத்தையும் தாண்டிக் கொதிக்கும். மாலையில் இடியும் மழையும் வந்து குளிர்விக்கும். இவ்வாறு பத்தாண்டு, பதினைந்தாண்டு நாள்தோறும் சூடேறிக் குளிர்ந்த குப்பிகள் இந்நாட்டுக் கார்களில் எத்தனையோ!

2014ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சரவாக்கின் சிபு நகரில், 2003ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி கார் ஒன்றில் காற்றுப்பைக் குப்பி வெடித்து, கருவுற்றிருந்த பெண் ஒருவர் மாண்டார். சிதறிய உலோகத் துண்டு அவர் கழுத்தில் பாய்ந்திருந்தது. வயிற்றிலிருந்த குழந்தையும் பிழைக்கவில்லை. அமெரிக்காவுக்கு வெளியே இக்குறையால் நேர்ந்த முதல் மரணமாக உலகம் அதனைப் பதிவு செய்தது. உலகப் பெருநிறுவனம் ஒன்றின் குறை, போர்னியோவின் ஓர் ஆற்றங்கரை நகரில் தாயையும் சேயையும் கொண்டுசென்றது.

துயரம் அதனோடு நிற்கவில்லை. 2016ஆம் ஆண்டில் மேலும் சிலர் இந்நாட்டில் உயிரிழந்தனர். 2018ஆம் ஆண்டிலும் இறப்பு நேர்ந்தது. இவற்றுள் மனத்தை மிகவும் உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. அவ்வண்டிகளுள் சில, விபத்துக்கு முன்னரே திருப்பியழைப்புப் பட்டியலில் இடம்பெற்றிருந்தவை. குப்பியை விலையின்றி மாற்றித் தர நிறுவனம் முன்வந்திருந்தது. ஆயினும் குப்பி மாற்றப்படாமலே அவ்வண்டிகள் சாலையில் ஓடின.

கடிதம் சேராத வீடுகள்

அழைத்தும் அவை ஏன் வரவில்லை? காரணத்தை நம் மக்களின் வாழ்க்கை முறையிலேயே காணலாம். புதுக் கார் வாங்குவோரின் முகவரி நிறுவனத்திடம் இருக்கும். ஐந்தாறு ஆண்டுகளில் அக்கார் விற்கப்படும். அடுத்தவரிடமிருந்து மற்றொருவர் வாங்குவார். மூன்றாம் கை, நான்காம் கை என மாறி, கடைசியில் சிறு வருவாய்க் குடும்பம் ஒன்றின் ஒரே வண்டியாக அது வந்து நிற்கும். ஆபத்து முற்றிய பழைய குப்பியும் அக்குடும்பத்தையே வந்தடைகிறது. எச்சரிக்கைக் கடிதமோ முதல் உரிமையாளரின் பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். தோட்டங்களைவிட்டு நகருக்குக் குடிபெயர்ந்து, வாடகை வீடு மாறி வாடகை வீடு செல்லும் நம்மவர் பலர்க்குக் கடிதம் சேர்வது அரிது.

சேர்ந்தாலும் படிக்கப்படுவது உறுதியன்று. மலாயிலோ ஆங்கிலத்திலோ வரும் நிறுவனக் கடிதத்தை விளம்பரம் என எண்ணி ஒதுக்குவோர் பலர். படித்தவரும், "வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது?" எனக் காலம் கடத்துவர். வேலைக்கு விடுப்பெடுத்துச் சேவை நிலையத்துக்குச் செல்வது நாட்கூலி பெறுவோர்க்கு எளிதன்று. இயந்திரம் பழுதுற்றால் ஒலியெழுப்பும். சக்கரம் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். குப்பிக்குள் மருந்து குலைவதோ எவருக்கும் தெரியாது. அறிகுறி இல்லாத நோயைப் போன்றது இது. ஆதலின் கடிதம் ஒன்றே அதன் அறிகுறி.

இன்னொன்றும் கூறவேண்டும். விபத்துக்குள்ளான கார்களைப் பிரித்தெடுத்த பழைய உதிரிப்பாகங்களை வாங்கிப் பொருத்தும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. கதவுக்கும் விளக்குக்கும் இது பொருந்தலாம், காற்றுப்பைக்குப் பொருந்தாது. எந்த வண்டியிலிருந்து வந்தது, எத்தனை ஆண்டு வெயிலில் கிடந்தது என அறியப்படாத குப்பியை மார்புக்கு நேரே பொருத்திக்கொள்வது அறிவுடைமையாகாது.

இவற்றையெல்லாம் அறிந்து, காற்றுப்பையே வேண்டா எனக் கம்பியைத் துண்டித்துவிட எண்ணுவாரும் உளர். அது நோய்க்கு அஞ்சி உணவைத் துறப்பது போன்றதாகும். 2016ஆம் ஆண்டில் இந்நாட்டுச் சாலைகளில் 7,152 பேர் மாண்டனர். மோதலே நம் முதற்பகை. குறையற்ற காற்றுப்பையும், முறையாக உயர்த்தி வைத்த தலைதாங்கியும், மறவாமல் அணிந்த வாரும் அப்பகைக்கு எதிரான படைகள். அவற்றைக் கைவிடுவது கூடாது. கண்மூடி நம்புவதும் கூடாது. தேர்ந்து தெளிதலின் இன்றியமையாமையை உணர்ந்தே திருவள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரத்தை வகுத்தார். அமைச்சரைத் தேர்வதற்கு அவர் காட்டிய நெறி, நம்மைத் தாங்கும் கருவிகளுக்கும் பொருந்துவதே.

மாணவர் கையில் ஒரு கடமை

இவ்வரலாறு உணர்த்துவது யாது? நின்று காக்கும் கருவியிலிருந்து பாய்ந்து காக்கும் கருவிக்கு மனிதன் முன்னேறினான். பாய்வதற்கு விசை வேண்டும். அவ்விசையை எந்நேரமும் அடக்கி வைத்திருக்க வேண்டும். சுருள்வில்லாயினும் வேதிப்பொருளாயினும் அடக்கி வைத்த விசைக்கு மூப்பு உண்டு. மூப்படைந்த காவலாளியை அடிக்கடி கண்காணிக்க வேண்டும். வேலியே பயிரை மேய்ந்தாற்போல என்னும் நம் முதுமொழி, வேலி தீயது என்று கூறவில்லை. வேலியின் மேலும் ஒரு கண் வேண்டும் என்றே கூறுகிறது. செய்வோனிடம் நேர்மையும், அரசிடம் விழிப்பும், உடையவனிடம் அக்கறையும் ஆகிய மூன்றும் சேர்ந்தாலன்றிக் காவல் முழுமை பெறாது.

முதலிரண்டும் நம் கைக்கு எட்டாதவையாகத் தோன்றலாம். மூன்றாவது நம் வீட்டிலேயே இருக்கிறது. ‘கெரான்’ என்று மக்கள் வழங்கும் வண்டிப் பத்திரத்தில் அடிச்சட்ட எண் அச்சிடப்பட்டிருக்கும். அவ்வெண்ணைக் கார் நிறுவனத்தின் சேவை நிலையத்தில் கொடுத்தால், வண்டி திருப்பியழைப்பில் உள்ளதா இல்லையா என்பதைச் சொல்லிவிடுவர். பட்டியலில் இருந்தால் பாகத்தை மாற்றக் கட்டணம் இல்லை. மூன்றாம் கையாக வாங்கியவருக்கும் அந்த உரிமை உண்டு.

மலாயும் ஆங்கிலமும் தமிழும் கற்கும் நம் பள்ளி மாணவன், தன் தாத்தாவுக்கு வந்த கடிதத்தைப் படித்துத் தமிழில் விளக்க வல்லவன். கற்ற கல்வியின் பயனை வீடு உணரும் தருணம் அது. தேர்வுக்குப் படிக்கும் நியூட்டன் விதியும் வேதியியலும் தந்தையின் கழுத்தையும் தாயின் உயிரையும் காக்கும் அறிவாக மாறும் இடமும் அதுவே. வகுப்பறையில் ஒரு நாள், "உங்கள் வீட்டுக் காரின் எண்ணைப் பார்த்துவிட்டீர்களா?" என்று ஆசிரியர் கேட்பாராயின், அக்கேள்வி பல வீடுகளின் கதவைத் தட்டும். கடிதம் சேராத வீட்டுக்கும் அக்கேள்வி சேரும்.

அன்று, ஒரு குழந்தையைத் தாங்கத் தாமாக நீண்டன பெற்றோரின் கைகள். அக்கைகளின் நினைவாகப் பிறந்த கருவி, அக்கைகளைப் போன்றே என்றும் நம்பத்தக்கதாக இருக்க வேண்டுமாயின், அதனை மறவாது கண்காணிக்கும் கைகளும் நீண்டுகொண்டே இருத்தல் வேண்டும். காவலுக்கும் ஒரு காவல் தேவை. அக்காவல் நாமே.